கேரியர் ஆலை, இண்டியானாபொலிஸ்: ஒரு தேர்தல் வாக்குறுதியும் அதன் கணக்கும்

அவுட்சோர்சிங் என்றதும் நமக்கு பழைய மகாபலிபுரம் சாலையும் பெங்களூருவும்தான் நினைவுக்கு வரும். 2009 மே மாதம் ஒபாமாவும் அப்படித்தான் பேசினார்: நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ஒரு வேலையை உருவாக்கினால் கட்டும் வரியைவிட, பெங்களூருவில் உருவாக்கினால் கட்டும் வரி குறைவாக இருக்கிறது என்றார். ஆனால் இண்டியானா, ஒஹாயோ, மிச்சிகன் வாக்காளருக்கு அந்தச் சொல் கால் சென்டரை நினைவூட்டாது. மெக்சிகோவுக்குப் போன ஏதோ ஓர் ஆலையின் பெயரைத்தான் அவர்கள் சொல்வார்கள்.

2016 அதிபர் தேர்தலில் அப்படி நாடு முழுக்கப் பேசப்பட்ட ஆலை ஒன்றின் கதை இது. தேர்தலில் வரி, வேலைவாய்ப்பு, அவுட்சோர்சிங் என்ற மூன்றும் எப்போதும் சேர்ந்தே பேசப்படுகின்றன. ஒரே ஆலையில் அவை ஒன்றோடொன்று எப்படி மோதின, யார் எந்த முடிவை எதற்காக எடுத்தார்கள், கடைசியில் எத்தனை வேலை மிஞ்சியது என்பதைத் தேதிவாரியாக எழுதுகிறேன். பொதுவாழ்வில் இருக்கும் அரசியல்வாதிகளுக்கு மட்டும் பெயர் வரும். தொழிலாளர்கள், சங்கத் தலைவர், நிறுவன அதிகாரிகள் பெயரில்லாமலே வருவார்கள்.

பின்னணி

கேரியர், குளிர்சாதனத்துக்குப் பேர்போன பெயர். 1979 முதல் யுனைடெட் டெக்னாலஜீஸ் என்ற பெருநிறுவனத்தின் கையில் இருந்தது. விமான எஞ்சின், லிஃப்ட், ராணுவத் தளவாடம் எல்லாம் செய்யும் குழுமம் அது. 2015-ல் அதன் விற்பனை 5,600 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அமெரிக்க அரசுக்குச் செய்த விற்பனை. இந்தப் பத்தில் ஒரு பங்கு பின்னால் முக்கியமாகப் போகிறது.

இண்டியானாபொலிஸ் நகரின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஆலையில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செய்தார்கள். கூடவே, ஃபேன் காயில் எனப்படும் காற்றுச் சுருள் பெட்டிகளும். பள்ளிப் படிப்போடு வந்தவர்கள் மணிக்கு 20 டாலருக்கு மேல் சம்பாதிக்க முடிந்த இடம். ஓவர்டைம் பார்த்தால் வீடும் காரும் வாங்கலாம், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம். அந்த ஊரில் அந்தப் படிப்புக்கு அதற்கு இணையான வேலை கிடைப்பது அரிது.

மாநிலத்தின் நிலையும் கவனிக்க வேண்டியது. இண்டியானா நிறுவனங்களுக்கான தன் வருமான வரியை 2012 முதல் ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்தது. 8.5 சதவீதமாக இருந்தது 2015-ல் 6.5 ஆகிவிட்டது, 2021-க்குள் 4.9 வரை இறக்குவதாகச் சட்டம். சங்கச் சந்தா கட்டாயமில்லை என்ற சட்டமும் 2012-லேயே வந்துவிட்டது. இவை தவிர கேரியருக்கு நகரம் தந்த சொத்து வரிச் சலுகை, மாநிலம் தந்த பயிற்சி மானியம், பசுமை உற்பத்திக்காக மத்திய அரசு ஒதுக்கிய சுமார் 51 லட்சம் டாலர் வரிக் கழிவு எல்லாம் இருந்தன. வரி குறைந்தால் ஆலை ஊரைவிட்டுப் போகாது என்பது விதியானால், போகாமல் இருக்க வேண்டிய முதல் ஆலை இதுதான்.

இதற்கு முந்தைய தேர்தல்களிலும் இந்தப் பேச்சு புதிதல்ல. 2004-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் முதலாளிகளை ‘பெனடிக்ட் அர்னால்டு’ என்று திட்டினார், நம் ஊரில் எட்டப்பன் என்பதுபோல. அதே ஆண்டு பிப்ரவரியில், அவுட்சோர்சிங் என்பதும் ஒருவகை வணிகமே, நீண்ட காலத்தில் நல்லது என்ற பொருளில் பேசிய அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகரை அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே தாளித்து எடுத்தார்கள். 2012 அக்டோபர் விவாதத்தில் ஒபாமா, வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு வரிக் கழிவு கிடைக்கிறது என்றார். எதிர் வேட்பாளர் மிட் ராம்னி, இருபத்தைந்து வருடம் தொழில் செய்திருக்கிறேன், நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை, வேறு கணக்காளரைத்தான் பார்க்க வேண்டும்போல என்று பதில் சொன்னார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை. இயந்திரத்தைக் கழற்றி ஏற்றுகிற செலவு ஒஹாயோவுக்குப் போனாலும் மெக்சிகோவுக்குப் போனாலும் சாதாரண வியாபாரச் செலவாகவே கழியும். அதற்கென்று தனிப் பரிசு எதுவும் இல்லை. வெளிநாட்டு லாபத்தை நாட்டுக்குள் கொண்டுவரும்வரை வரி கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடுதான் உண்மையான பெரிய சலுகை. ஆனால் அதை மேடையில் ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியாது.

2016 பிப்ரவரி 10

அன்று ஷிப்டில் இருந்தவர்களை ஆலைக்குள் ஒன்றாக நிற்க வைத்து, மேலாளர் ஒருவர் மேடை ஏறிப் பேசினார். போட்டியில் நிலைக்கவும் தொழிலை நீண்ட காலம் காப்பாற்றவும் உற்பத்தியை மெக்சிகோவின் மான்டெர்ரேக்கு மாற்றுகிறோம் என்றார். கூச்சலும் வசையும் எழுந்தன. அமைதியாக இருங்கள், இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றார். இது முழுக்க முழுக்க வியாபார முடிவு என்றபோது கூச்சல் இன்னும் கூடியது.

தொழிலாளி ஒருவர் இதைக் கைப்பேசியில் படம்பிடித்து இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

அறிவிப்பின்படி இண்டியானாபொலிஸில் சுமார் 1,400 வேலை போகும். அதே மாநிலத்தில் ஹண்டிங்டன் என்ற சிற்றூரில் குழுமத்தின் இன்னொரு ஆலை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்துகொண்டிருந்தது. அங்கேயும் சுமார் 700 வேலை போகும். மாற்றம் 2017-ல் தொடங்கி 2019-க்குள் படிப்படியாக முடியும்.

ஹண்டிங்டனிலிருந்து அப்படி எந்த வீடியோவும் பரவவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கறாராகப் பார்த்தால் இது அவுட்சோர்சிங்கூட இல்லை. வேலை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறவில்லை. கேரியருக்கு மான்டெர்ரேயில் ஏற்கெனவே ஆலை இருந்தது, அங்கே போகிறது. தன் கடையையே தெரு மாற்றுவது மாதிரி. தேர்தல் மேடையில் இந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை.

நிறுவனத்தின் கணக்கு

மான்டெர்ரேயில் கூலி மணிக்குச் சுமார் 3 டாலர் என்று அப்போது செய்திகள் சொல்லின. இடமாற்றத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6.5 கோடி டாலர் மிச்சம். ஃபர்னஸ் கனமான பொருள். அதை சீனாவிலிருந்து கப்பலில் கொண்டுவருவது கட்டுப்படியாகாது, மெக்சிகோவிலிருந்து லாரியில் கொண்டுவரலாம். 1994 ஜனவரி முதல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே நாஃப்டா என்ற வணிக ஒப்பந்தம் இருந்ததால் எல்லையில் சுங்க வரியும் கிடையாது.

சங்கத்தோடு பேச நிறுவனம் உட்காராமல் இல்லை. உட்கார்ந்தும் பயனில்லை. கூலியில் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் அந்த 6.5 கோடியை எட்ட முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. மாநில அரசும் ஆரம்பத்தில் சில சலுகைகளைக் காட்டிப் பார்த்தது. நிறுவனம் அசையவில்லை.

வசந்த காலத்துக்குள் ஒரு சிறு காரியம் நடந்தது. அதற்குக் கிடைத்த கவனம் கொஞ்சம்தான். முன்பு வாங்கிய சலுகைகளில் நகரத்துக்குச் சுமார் 12 லட்சம் டாலரையும், மாநிலத்துக்குச் சுமார் 3.8 லட்சத்தையும் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொழிலாளருக்கு அதனால் ஒரு நாள் வேலை கூடவில்லை. ஆனாலும் இந்தக் கதை முழுவதிலும் பொதுப் பணம் திரும்பி வந்த இடம் இது ஒன்றுதான்.

மேடைகளில்

அப்போது வேட்பாளர் தேர்வு உச்சத்தில் இருந்தது. வீடியோ வெளிவந்த சில நாட்களிலேயே குடியரசுக் கட்சியின் டொனால்ட் ட்ரம்ப் கேரியர் பெயரை எடுத்தார். அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்தார். அவர் சொன்னது எளிது: எல்லையைத் தாண்டி விற்க வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் 35 சதவீத வரி போடுவேன் என்று சொல்வேன், நிறுவனத் தலைவர் எனக்கே போன் செய்து இண்டியானாவிலேயே இருக்கிறோம் என்பார், இது எண்பது சதவீதம் தொண்ணூறு சதவீதம் என்ற பேச்சில்லை, நூறு சதவீதம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு நிறுவனத்தின் சரக்குக்கு மட்டும் தண்டனைச் சுங்கம் விதிக்கும் அதிகாரம் அமெரிக்க அதிபருக்குக் கிடையாது. நாஃப்டா நடப்பில் இருக்கும்போது அது இன்னும் கடினம். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சட்ட நுணுக்கம் பொருட்டாக இல்லை. தங்கள் ஆலையின் பெயரை ஒருவர் விடாமல் சொல்கிறார் என்பதே பெரிதாக இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவரை யாரும் சொன்னதில்லை.

எதிர் அணியான ஜனநாயகக் கட்சியில் பெர்னி சாண்டர்ஸ் ஏப்ரல் இறுதியில் இண்டியானாபொலிஸ் வந்து தொழிலாளரோடு பேரணி நடத்தினார். நாஃப்டாவே பிழை என்பது அவர் வாதம். ஹிலரி கிளின்டன், வேலையை வெளியே அனுப்பும் நிறுவனம் வாங்கிய வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், வெளியேறும் வரியும் போட வேண்டும் என்றார். மூவரில் காகிதத்தில் நடைமுறைக்குக் கிட்ட இருந்தது கிளின்டன் சொன்னதுதான் என்பது என் எண்ணம். மேடையில் மிகக் குறைவாக எடுபட்டதும் அதுவே. அவர் கணவர் பில் கிளின்டன் அதிபராக இருந்த காலத்தில் நாஃப்டா சட்டமானதை ஊர் மறக்கவில்லை.

மே 3 இண்டியானா வேட்பாளர் தேர்வில் குடியரசுக் கட்சியில் ட்ரம்ப் வென்றார். ஜனநாயகக் கட்சியில் கிளின்டனை சாண்டர்ஸ் வென்றார். இரண்டு பக்கத்திலும் ஜெயித்தது வணிக ஒப்பந்தங்களைச் சாடியவர்கள்தான்.

சங்கம் எடுத்த முடிவு

ஐக்கிய உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு மூன்று வழி இருந்தன: வேலைநிறுத்தம், ஆலையைப் போகவிடாமல் தடுக்க அரசியல் அழுத்தம், அல்லது போவது போகட்டும், போகிறவர்களுக்கு நல்ல செட்டில்மென்ட் வாங்குவது. வேலைநிறுத்தம் செய்தால் போகப் போகிற நிறுவனம் இன்னும் சீக்கிரம் போகும். ஆகவே மூன்றாவதைப் பேசிக்கொண்டே இரண்டாவதை முயன்றார்கள். போகிறவர்களுக்கு ஒரு தொகை, பணிக்கால அடிப்படையில் ஈடு, ஆறு மாத மருத்துவக் காப்பீடு, மறுபடி படிக்க உதவி என்று எழுதி வாங்கினார்கள்.

தேசியச் சங்கம் ஜூனில் கிளின்டனை ஆதரித்தது. ஆலைக்குள் நிலைமை வேறு. சங்கத் தலைமை சொன்னதைக் கேட்டுவிட்டு ட்ரம்புக்கு வாக்களித்தவர்கள் நிறைய. நவம்பர் 8 அன்று இண்டியானாவில் ட்ரம்ப் ஏறக்குறைய 19 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். துணை அதிபராகப் போகிற மைக் பென்ஸ் அப்போது அதே மாநிலத்தின் ஆளுநர்.

நவம்பர்: முடிவு மாறியது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ட்ரம்ப் பின்னால் டிசம்பர் 1 அன்று ஆலையில் நின்றே சொன்ன விவரம் இது. தேர்தல் முடிந்த பிறகு ஒரு நாள் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கேரியர் தொழிலாளி ஒருவர், எங்கள் வேலை போகாது என்று ட்ரம்ப் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று நம்பிக்கையோடு பேசினார். தான் கேரியருக்காகவே அப்படிச் சொன்னதாக ட்ரம்புக்குத் தோன்றவில்லை. கேரியர் என்று சொன்னது எல்லா நிறுவனங்களையும் குறிக்கத்தான், சும்மா ஓர் அடையாளச் சொல்லாக, என்று நினைத்தாராம். பிறகு பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சொல்லித்தான் இருந்தார். உடனே யுனைடெட் டெக்னாலஜீஸ் தலைவருக்குப் போன் போட்டார்.

ஒன்பது மாதம் நாடெங்கும் ஒலித்த வாக்குறுதி, கொடுத்தவர் கணக்கில் வாக்குறுதியாகவே இல்லை. கேட்டவர் கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம். இதை ட்ரம்பே சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதால்தான் நமக்குத் தெரியும்.

நவம்பர் 24, நன்றி நவில் நாள் விடுமுறையன்றும் கேரியருக்காக வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று ட்விட்டரில் எழுதினார். நவம்பர் 29 இரவு, சுமார் ஆயிரம் வேலை இண்டியானாவில் இருக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. இந்தப் பேச்சில் சங்கம் எங்கும் இல்லை. சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் செய்தி வந்தது மற்ற எல்லாருக்கும் வந்த அதே வழியில்தான்.

ஒப்பந்தத்தில் இருந்தது

மாநிலம் பத்து ஆண்டில் மொத்தம் 70 லட்சம் டாலர் சலுகை தரும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வீதம் 50 லட்சம் நிபந்தனை வரிக் கழிவு, பத்து லட்சம் பயிற்சி மானியம், முதலீட்டோடு இணைந்த வரிக் கழிவு பத்து லட்சம். பதிலுக்கு நிறுவனம் 1,069 வேலைகளைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆலையில் 1.6 கோடி டாலர் முதலீடு செய்ய வேண்டும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 70 லட்சத்தைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 7 லட்சம். இடமாற்றத்தில் நிறுவனம் எதிர்பார்த்த மிச்சம் ஆண்டுக்கு 6.5 கோடி. ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஃபேன் காயில் வேலை எப்படியும் மெக்சிகோவுக்குப் போகிறது, ஆகவே மிச்சத்தில் ஒரு பகுதி நிறுவனத்துக்குக் கிடைக்கத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டாலும், வரிச் சலுகைக்காக இந்த முடிவு மாறியது என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்ல மாட்டார்.

அப்படியானால் எதற்காக? நிறுவனத் தலைவரே டிசம்பர் 5 அன்று வணிகத் தொலைக்காட்சிப் பேட்டியில் விடை சொன்னார். மிரட்டல் எதுவும் வரவில்லை, ஆனால் நான் நேற்றுப் பிறந்தவன் இல்லை, எங்கள் வருவாயில் சுமார் 10 சதவீதம் அமெரிக்க அரசிடமிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும் என்ற பொருளில் பேசினார். அரசுக் கொள்முதல் ஆண்டுக்கு 560 கோடி டாலர் அளவில் இருக்கும்போது 6.5 கோடியைப் பிடித்துக்கொண்டு புதிய அதிபரோடு முட்டிக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். நிறுவன வரியைப் பெரிதாகக் குறைக்கப் போகிறோம் என்ற உறுதியும் பேச்சில் இருந்தது. 70 லட்சம், வெளியே காட்டுவதற்கு ஒரு காகிதம். வரியைப் பற்றி இவ்வளவு பேசிய தேர்தலில், வரிக்கு உண்மையில் இருந்த எடை இவ்வளவுதான்.

அரசு ஒப்பந்தம் இல்லாத நிறுவனத்திடம் இந்த வழி செல்லாது. அதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரியரிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி ரெக்ஸ்நார்டு என்ற பேரிங் ஆலை இருந்தது. அதே சங்கக் கிளை, சுமார் 300 பேர், போகிற ஊரும் அதே மான்டெர்ரே. ட்ரம்ப் டிசம்பர் 2 அன்று அந்த நிறுவனத்தைக் கண்டித்து ஒரு வரி எழுதினார். வேறெதுவும் நடக்கவில்லை. 2017-ல் ஆலை மூடப்பட்டது.

எண்ணிக்கைத் தகராறு

டிசம்பர் 1 மேடையில் 1,100-க்கு மேல் வேலை காப்பாற்றப்பட்டதாக ட்ரம்ப் சொன்னார். ஆலையில் 1,400 பேர் போக இருந்தார்கள், 1,100 மிஞ்சுகிறது என்றால் முன்னூறு பேர்தான் பாதிப்பு என்று கேட்டவர்கள் கணக்குப் போட்டார்கள். பலர் தன் பெயர் அந்த 1,100-க்குள் இருக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போனார்கள்.

பிறகுதான் சங்கத்துக்கு முழு விவரம் கிடைத்தது. மெக்சிகோவுக்குப் போகவிருந்து காப்பாற்றப்பட்டது சுமார் 800 வேலை. அதில் சங்க உறுப்பினர்கள் 730 பேர். மீதி 300 சொச்சம் அலுவலக, பொறியியல் வேலைகள், அவை போவதாக இருந்ததே இல்லை. ஆலைத் தளத்தில் சுமார் 550 பேருக்கு வேலை இல்லை. ஹண்டிங்டனின் 700 இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

சங்கத் தலைவர் இதைக் கடுமையான சொற்களில் வெளியே சொன்னார். 730 பேருக்காக நன்றி என்றும் சொன்னார், அதிபராகப் போகிறவர் பொய் சொல்கிறார் என்றும் சொன்னார். டிசம்பர் 7 அன்று ட்ரம்ப் அவரைப் பெயர் சொல்லி, தொழிலாளரைச் சரியாகப் பிரதிநிதித்துவம் செய்யாதவர், இதனால்தான் நிறுவனங்கள் நாட்டைவிட்டு ஓடுகின்றன என்று எழுதினார். அரைமணி நேரத்துக்குள் அவருக்கு மிரட்டல் போன்கள் வரத் தொடங்கின.

அவர் வாயைத் திறந்திருக்கக் கூடாது, கிடைத்த 730-க்கு ஆபத்து என்று நினைத்த உறுப்பினர்களும் இருந்தார்கள். நான் அவர் பக்கம். ஒரு சங்கத் தலைவருக்குத் தன் உறுப்பினர் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வதைவிட முதன்மையான வேலை வேறு இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பதிலாக, வேலை இழக்கும் 550 பேரின் பட்டியல் வந்திருந்தால், எதிர்த்து எழுதுவது இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

விமர்சனம் இரு திசையிலிருந்தும் வந்தது. சாண்டர்ஸ், இனி எந்த நிறுவனமும் போவதாக மிரட்டிச் சலுகை வாங்கலாம் என்று எழுதினார். வலதுபுறத்தில் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் இதைச் சலுகைசார் முதலாளித்துவம் என்று சந்தேகப்பட்டார். இந்த இருவரும் ஒரே பக்கம் நின்றதை அடிக்கடி பார்க்க முடியாது.

பின்விளைவு

அதே டிசம்பர் 5 பேட்டியில் நிறுவனத் தலைவர் இன்னொன்றும் சொன்னார். அந்த 1.6 கோடி டாலர் முதலீட்டில் பெரும்பகுதி தானியங்கி இயந்திரங்களுக்குப் போகும், செலவைக் குறைக்க வேண்டும், அதன் பொருள் கடைசியில் வேலை குறையும் என்றார். ஒளிக்கவில்லை. மாநிலம் நிபந்தனையாகக் கேட்ட முதலீடே ஆளைக் குறைக்கிற முதலீடாக இருந்தது.

2017 ஜூலை 20 அன்று 338 பேர் வெளியேறினார்கள். 2018 ஜனவரியில் 215 பேர். மொத்தம் 553. ஃபேன் காயில் தயாரிப்பு மான்டெர்ரேக்குப் போனது. ஹண்டிங்டன் ஆலையும் சொன்னபடி காலியானது.

மிஞ்சிய ஃபர்னஸ் வரிசைகள் ஓடின. ஆர்டர் நன்றாகவே இருந்தது, ஓவர்டைமும் இருந்தது. ஆனால் 2018-ல் ஆலையில் ஆள் வராமை பெரும் தலைவலி ஆனது. இங்கே எதிர்காலம் இல்லை என்று நினைக்கிறவர் எதற்காக ஆறாவது நாளும் வருவார் என்று தொழிலாளர்களே பத்திரிகைகளிடம் கேட்டார்கள். காப்பாற்றப்பட்ட வேலையிலும் அந்தப் பிப்ரவரி 10 இருந்துகொண்டே இருந்தது.

வரிச் சட்டம் 2017 டிசம்பர் 22 அன்று கையெழுத்தானது. நிறுவன வரி 35-லிருந்து 21 சதவீதம். வெளிநாட்டு லாபத்தைக் கொண்டுவரும்வரை வரி இல்லை என்ற பழைய ஏற்பாடு போய், வெளிநாட்டு லாபத்துக்குப் பெரும்பாலும் வரியே இல்லை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் குறைந்தபட்ச வரி என்ற புதிய ஏற்பாடு வந்தது. ஆனால் அந்தக் குறைந்தபட்ச வரியைக் கணக்கிடும்போது, வெளிநாட்டில் உள்ள கட்டடம், இயந்திரம் போன்ற சொத்தின் மதிப்பில் 10 சதவீத அளவு லாபத்தைக் கழித்துவிட முடிந்தது. அதாவது வெளிநாட்டில் ஆலை எவ்வளவு பெரிதோ, கழிவும் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஆலையைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று சொல்லி வென்ற ஆட்சியின் வரிச் சட்டத்துக்குள் இப்படி ஒரு விதி உட்கார்ந்திருந்தது. மறைத்து வைத்தது இல்லை. சட்டத்தைப் படித்தவர்கள் அப்போதே எழுதினார்கள். அதைப் படம்பிடிக்க மட்டும் எந்த ஆலையிலும் யாரும் கைப்பேசியைத் தூக்கவில்லை.

2018 செனட் தேர்தலில் அதே இண்டியானாவில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். கேரியரைக் கண்டித்து வந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜோ டானலி, தன் குடும்பத்தாரின் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தார், அந்த நிறுவனம் மெக்சிகோவில் ஆள் வைத்து வேலை வாங்கியது என்று 2017-ல் செய்தி வந்தது. பங்கை விற்றுவிட்டார். எதிரணி அவரை ‘மெக்சிகோ ஜோ’ என்று அழைத்தது. அவரை எதிர்த்து நின்ற மைக் ப்ரான் வாகன உதிரிபாக வியாபாரி. அவர் விற்ற சரக்கில் சீனாவில் செய்தது இருந்தது என்று அடுத்த ஆண்டு செய்தி வந்தது. ப்ரான் ஜெயித்தார்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

இந்த நிகழ்வை வைத்துச் சங்கக் கூட்டங்களிலோ வகுப்பிலோ பேசுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நகரம் திரும்பப் பெற்ற 12 லட்சத்தை. அது வந்தது யாரும் மேடையில் கத்தியதால் இல்லை. சலுகை கொடுத்த நாளில், போனால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்ததால் வந்தது. மற்ற சலுகைகளிலும் அதே வரி அதே கறாரோடு இருந்திருந்தால், பிப்ரவரியில் நிறுவனத்தின் 6.5 கோடிக் கணக்கில் இன்னும் சில கழித்தல்கள் விழுந்திருக்கும். முடிவை மாற்றியிருக்காது. விலையைக் கூட்டியிருக்கும்.

இரண்டாவது, எண்ணிக்கை. நவம்பரில் சங்கத்தின் ஒரே ஓர் ஆள் அந்தப் பேச்சில் இருந்திருந்தால், எந்த வரிசை இங்கேயே இருக்கிறது, எது போகிறது, அலுவலகத்தார் இதில் சேர்த்தியா என்ற மூன்று கேள்வியும் அன்றே கேட்கப்பட்டிருக்கும். 550 குடும்பங்கள் ஒரு வாரம் பொய்யான நிம்மதியில் இருந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, முதலீட்டு நிபந்தனை. முதலீட்டை மட்டும் கேட்டால் இயந்திரம் வரும். புதிய இயந்திரத்தில் வேலை செய்ய இருக்கிற ஆட்களுக்கே பயிற்சி, அவர்களுக்கே முன்னுரிமை என்று எழுதியிருக்க இடம் இருந்தது. பத்து லட்சம் டாலர் பயிற்சி மானியம் அங்கேதான் கிடந்தது.

அரசுக் கொள்முதலைப் பிடியாக வைத்துப் பேசியது தவறா என்று கேட்பவர்கள் உண்டு. தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நிறுவனத்துக்கு, ஒரு முறை, ஒருவர் போன் போட்டால் மட்டும் வேலை செய்கிற பிடியாக அது இருந்ததுதான் குறை. கொள்முதல் விதியாக எழுதியிருந்தால் அரசுக்கு விற்கிற எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தியிருக்கும், ஹண்டிங்டனும் அதற்குள் வந்திருக்கும். ரெக்ஸ்நார்டு அப்போதும் தப்பியிருக்காது.

2020 ஏப்ரலில் கேரியர் தாய்க் குழுமத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமாகிவிட்டது. விமான எஞ்சினும் ராணுவத் தளவாடமும் அந்தப் பக்கம் போயின. 2016-ல் ஆலையைப் போகவிடாமல் பிடித்துவைத்த பெரும் அரசுக் கொள்முதல் இப்போது கேரியரிடம் இல்லை. மாநிலத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் ஆயுள் பத்து ஆண்டு.